விருந்துக்கு வந்த ஊர்கள்

சிப்பிக்கரைக்கு முதல் ஊர் வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பூசை முடிந்து சனங்கள் கோயில் படியிறங்கிக்கொண்டிருந்த நேரத்தில். கடலுக்கும் ஊருக்கும் நடுவே, உப்பு விளையாமல் போனதால் ஆடுகூட மிதிக்காத வெள்ளைத் தரிசு ஒன்று உண்டு. முந்தின நாள் சாயங்காலம் வரை நண்டு வளை தவிர வேறொன்றும் இல்லாத அந்த இடத்தில், கூரை சரிந்த மாடி வீடுகளும், கண்ணாடி போன சன்னல்களும், பலகை உதிர்ந்த ஒரு கடைவரிசையும், மணிக்கூண்டு வைத்த ஒரு பள்ளிக்கூடமும், நடுவில் நடனத்துக்கென்று கட்டின ஒரு பெரிய ஆட்டக்கூடமுமாக ஒரு முழு ஊர், நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள் நிழல் கண்டு உட்காருவதுபோல, லேசாக மூச்சிரைத்தபடி உட்கார்ந்திருந்தது. எல்லா வாசலிலிருந்தும் மணல் வழிந்துகொண்டிருந்தது. சிப்பிக்கரை மணல் வெள்ளை. அந்த மணல் பழுத்த பப்பாளியின் நிறம்.

பங்குச்சாமி பூசை உடுப்போடேயே வந்து பார்த்தார். வலை தோளில் கிடந்தவர்கள் அதை இறக்காமலே நின்று பார்த்தார்கள். ஊர்த்தலைவர் கஸ்பார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்து நின்ற ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நடை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"யாரு வீட்டுக்கு வந்திருக்காவ?"

ஏனென்றால் அந்தக் கரையில் ஒன்று வந்துவிட்டால் அது எப்படி வந்தது என்று கேட்கிற வழக்கம் இல்லை. சுறா வந்தாலும் சூறாவளி வந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும், யார் வீட்டுக்கு என்றுதான் கேட்பார்கள்.

கூட்டத்தின் பின்னால் நின்ற சந்தியாகு தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரிஞ்ச ஊருதான்," என்றார். "நாந்தான் வரச் சொல்லியிருந்தேன்."

சந்தியாகு சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் மற்றவர்கள் சாராயக்கடையையும் சந்தையையும் தேடிப் போக, அவர் மட்டும் கரையில் கண்ட ஆளிடமெல்லாம் கையைக் காட்டி, தலையைக் காட்டி, பாதி சைகையும் பாதி சிரிப்புமாக ஒன்றே ஒன்றைத்தான் விசாரிப்பார்: இங்கே பக்கத்தில் ஆட்கள் விட்டுப்போன ஊர் ஏதாவது உண்டா? உண்டு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், புளிச்சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு போய்விடுவார். வைரம் தீர்ந்ததும் கிளம்பிப் போனவர்களின் பாலைவன ஊர், திமிங்கிலம் வராமல் போனதால் பூட்டாமலே விட்டுப்போன பனிக்கரை ஊர், நிலக்கரி தீர்ந்த நாளில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் படகேறிய தீவூர் என்று அவர் பார்த்த காலி ஊர்களின் கணக்கு அவருக்கே தெரியாது.

மற்றவர்கள் அதைக் கிறுக்கு என்றார்கள். சந்தியாகு பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் கொண்ட அந்த வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள், விதவையாகித் திரும்பி வந்த தங்கை விக்டோரியா, படுக்கையிலிருந்த பெரியப்பா, முட்டைக்கு உட்கார்ந்த கோழி என்று எல்லாரும் இருந்தார்கள், இரவில் புரண்டு படுப்பதென்றால் சொல்லிவைத்து வரிசையாகப் புரள வேண்டியிருந்தது. அவருக்கும் ஞானப்பூவுக்கும் கல்யாணமானபோது மூலையில் ஒரு பழைய வள்ளத்தின் பாய்த்துணியைக் கட்டி மறைப்புப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் துணிக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "சுக்கு போட்டுக் குடி" என்று பதில் வரும். அந்த வீட்டில் அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள் என்பதைத்தான் சிப்பிக்கரை தன் முதல் அற்புதமாகக் கருதியிருக்க வேண்டும்.

பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் கூட்டத்தில் என்று காலம் போயிற்று. சந்தியாகு பேச நினைப்பதை ஞானப்பூ கண்ணாலேயே "அப்புறம்" என்பாள். ஞானப்பூ சொல்ல வாயெடுப்பதற்குள் யாராவது உப்பு எங்கே என்று கேட்டு வருவார்கள். அதனால்தான் அவர் காலி ஊர்களைத் தேடிப் போனார். யாரோ விட்டுப்போன மாடியறையில், யாரோ விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபடி, எதிரே ஞானப்பூ இருப்பதுபோல நினைத்துச் சத்தமாகப் பேசிப் பார்ப்பார். சுவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும். கிளம்பும்போது, சிந்தின பருக்கையைப் பொறுக்கிவிட்டு, வாசலில் திரும்பி நின்று, சிறுவயதிலிருந்து பழகின வாய் தானாகச் சொல்லும்: "வாரேன். ஒருநாள் எங்க ஊருப் பக்கம் வாங்க."

அந்தக் கரையில் யார் வீட்டில் கால் வைத்தாலும் அப்படிச் சொல்லாமல் இறங்கினால் மரியாதை இல்லை. சொல்கிறவர் வார்த்தைக்குத்தான் சொல்வார். கேட்கிறவரும் தலையாட்டுவதோடு விட்டுவிடுவார். ஆனால் ஆட்கள் விட்டுப்போன ஊர்களுக்கு இது தெரியாது. அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுப்பார்கள், சுவரில் பேர் கீறுவார்கள், கழன்று கிடக்கும் கதவுக் குமிழ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவார்களே தவிர, எங்கள் ஊருக்கு வா என்று அவற்றை அதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. அவை அதை வருசக்கணக்காக யோசித்தன. பிறகு கிளம்பிவிட்டன.

"வந்தவுகளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம என்ன வேடிக்கை?" என்றாள் ஞானப்பூ.

அப்புறம்தான் சிப்பிக்கரைக்கு உயிர் வந்தது. பெண்கள் ஆலாத்தி கரைத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்து முகப்புக்குச் சுற்றினார்கள். இளவட்டங்கள் இளநீர் வெட்டி வாசல் வாசலாக வைத்தார்கள். டீக்கடை லூர்து ஒரு அண்டா நிறையக் காப்பி போட்டுக்கொண்டு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், ஆட்டக்கூடத்துப் படியில் மரியாதையாக ஊற்றினார். பப்பாளி நிற மணல் அதை உறிஞ்சிக்கொண்டது. ஆனால் வந்த ஊரின் முகம் தெளியவில்லை. சன்னல்கள் பசியோடு இருக்கிற பிள்ளையின் கண்கள்போல அப்படியே திறந்திருந்தன.

"சோறு வச்சுப் பாப்பமா?" என்றார் கஸ்பார்.

"வீடு சோறா திங்கும்?" என்றாள் ஞானப்பூ. "இத்தன வருசம் பட்டினி கிடந்திருக்கு. வீட்டுக்குப் பசின்னா என்ன பசி? ஆள் பசி. உள்ள போங்க. போயி அடுப்பப் பத்த வைங்க, பிள்ளைகள அழ வைங்க, சண்ட போடுங்க. அதான் அதுக்கு விருந்து."

சிப்பிக்கரையில் எது இல்லாவிட்டாலும் ஆள் உண்டு. அன்று மத்தியானமே குடும்பம் குடும்பமாகச் சட்டியும் பானையும் பாயும் தலையணையுமாக உள்ளே போனார்கள். அடுப்புப் புகை முதல் சன்னலிலிருந்து எழுந்ததும் அந்த ஊர் ஒரு பெருமூச்சு விட்டது. அறைகளில் முழங்கால் அளவுக்குக் குவிந்திருந்த மணல் யாரும் கூட்டாமலே எழுந்து, படி வழியாக வரிசையாக இறங்கி, தெருவில் போய்ப் படுத்துக்கொண்டது. மீன் பொரித்த அறைகளில் சுவர்த்தாளில் வெளிறிப்போயிருந்த பூக்கள் நிறம் கொண்டன. தாலாட்டுப் பாடிய அறையில் விரிசல் மூடியது. மாமியாரும் மருமகளும் முதல் சண்டை போட்ட வீட்டில், வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்த மாடிப்படி தானே நிமிர்ந்து சுவரோடு சேர்ந்துகொண்டது. பீங்கான் தொட்டி ஒன்றில் நெய்மீன் உப்பில் ஊறியது. ஆட்டக்கூடத்தில் மழைக்கு நனையாமல் வலை பின்ன இடம் கிடைத்தது, பையன்கள் அந்த வழவழப்பான தரையில் தேங்காய் உருட்டி விளையாடினார்கள். அந்த ஊருக்கு மணலூர் என்று பெயர் வைத்தார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் ஸ்கூட்டரில் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இது எந்த சர்வே நம்பரில் இருக்கிறது என்று கேட்டார்.

"விருந்தாளிக்கு எதுக்கு சார் சர்வே நம்பர்?" என்றார் கஸ்பார். "ஒங்க வீட்டுக்கு மச்சான் வந்தா பட்டா போட்டா உள்ள விடுவீய?"

அலுவலர் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. லூர்து கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மாடியில் ஒரு சன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

ஞானப்பூ முதல் நாளே ஒரு அறையைப் பார்த்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில், வெளிறிய பச்சைச் சுவரும், கடலைப் பார்த்த ஒரே சன்னலுமாக, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அளவில் சின்ன அறை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. அவள் அதைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தபோது பூனையின் வயிற்றைப்போல அது லேசாகச் சூடாக இருந்தது.

ஆனால் அறைகளைப் பிரித்துக்கொடுக்கிற பேச்சு வந்தபோது கஸ்பார் கேட்டார்: "சந்தியாகு அண்ணாவி, ஒமக்கு எந்த அறை வேணும்?"

சந்தியாகு கையைக் கூப்பினார். "நாங் கூப்பிட்ட விருந்துல்லா. நாங்க கடைசிப் பந்தி. எல்லாரும் உக்காந்து எந்திச்சபெறவு மிச்சம் இருந்தாப் பாப்போம்."

விருந்து வைக்கிற வீட்டுக்காரர் வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இலை போட்டு உட்கார வேண்டும். சிப்பிக்கரையில் இதை மீறினவர் இல்லை. சோற்றுக்கு வைத்த வழக்கத்தை வீட்டுக்கும் வைக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. சபை "அதானே முறை" என்று தலையாட்டியது. பச்சை அறை கொழுந்தன் மகன் சேவியருக்குப் போயிற்று. அவன் கல்யாணமாகி மாசக்கணக்கில் அதே பாய்த்துணி மறைப்புக்குப் பின்னால்தான் மனைவியோடு கண்ணால் பேசிக்கொண்டிருந்தான். சாவியைக் கேட்டு அவன் மனைவி வந்து நின்றாள். ஞானப்பூ தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடச் சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினாள். பிறகு கிணற்றடியில் பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் மறைத்து, புருசனிடம் பல்லைக் கடித்தாள்.

"கடைசிப் பந்தியா? சோத்துக்குக் கடைசிப் பந்தி சரி. வீட்டுக்குமா?"

"நாமதானளா கூப்பிட்டோம்."

"கூப்பிட்டது நீங்க. நான் யாரக் கூப்பிட்டேன்? ஒரு ஊரையே வரவழச்ச மனுசனுக்கு ஒரு மூலை இல்ல. எனக்கு ஒங்ககிட்டப் பேச வேண்டியது வயித்துல கல்லு மாதிரி கிடக்கு, கேட்டீயளா? சாவதுக்குள்ள ஒரு நாளாவது..."

"யக்கா, உப்பு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் சேவியரின் அம்மா மிக்கேலம்மாள்.

"அடுப்புக்கு மேல," என்றாள் ஞானப்பூ, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

சந்தியாகு அன்று முதல் அந்தக் கல்லைத் தானும் சுமந்தார். வேறு ஊர்களையும் கூப்பிட்டிருக்கிறோமே என்கிற ஒரே நம்பிக்கையில் தினமும் காலையில் கடற்கரையில் நின்று பார்த்தார்.

இரண்டாவது ஊர் மழைக்காலத்தில், கடல்வழியாக, சிவப்புத் தகரக் கூரைகளில் பனி சுமந்துகொண்டு வந்து, வடக்குக் கரையில் ஏறி உட்கார்ந்தது. திமிங்கில எண்ணெய் காய்ச்சுகிற கொப்பரைகளும், மர வீடுகளும், கூரான ஒரு சின்னக் கோயிலும், அந்தக் கோயிலுக்குள் யாரும் வாசிக்காத ஒரு ஆர்மோனியமும் அதில் இருந்தன. சிப்பிக்கரை இப்போது தேறியிருந்தது. கண்டவுடன் ஆலாத்தி, அப்புறம் அடுப்பு, அப்புறம் அழுகிற பிள்ளை என்று எல்லாம் முறைப்படி நடந்தது. அந்தக் கூரைகளின் பனி என்ன வெயிலடித்தும் கரையவில்லை. அள்ள அள்ள மறுநாள் காலையில் அதே கனத்துக்கு விழுந்து கிடந்தது. ஐஸ் வாங்க லாரிக்குக் காத்திருந்த மீனவர்கள் ஏணி வைத்து ஏறி, கூடையில் அள்ளிக்கொண்டு போய் மீனின்மேல் கொட்டினார்கள். பாட்டுக்குழுப் பெண்கள் ஆர்மோனியத்தைத் தொட்டதும் அது வெகுநாள் பேசாதிருந்தவர் போல முதலில் கரகரத்து, பிறகு நிறுத்தவே மாட்டேன் என்றது. அந்தோனியார் திருவிழாவுக்கு அந்த ராட்சசக் கொப்பரைகளில் பாயாசம் காய்ச்சினார்கள், துடுப்பால்தான் கிண்டவேண்டியிருந்தது.

சிப்பிக்கரையில் மிச்சமிருந்த குடும்பங்கள் அங்கே குடிபோயின. அவர்கள் போயும் அறைகள் பசியோடு இருந்ததால் பக்கத்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து நின்றபோது, வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்க உள்ளூர்க்காரர் உட்காருவது எப்படி என்று சந்தியாகு மறுபடியும் பின்னால் ஒதுங்கினார். இந்தத் தடவை ஞானப்பூ பல்லைக்கூடக் கடிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அடுத்ததுல கட்டாயம்," என்றார்.

"ஆமா," என்றாள். "அடுத்ததுல."

அடுத்தது கோடையில் வந்தது. வந்தது தரையில் நிற்கவில்லை. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலுக்குள்ளேயே, சுற்றுச்சுவரும் அடுக்கடுக்கான மாடிகளுமாக ஒரு தீவு எழும்பி நின்றது. நிலக்கரி தோண்டினவர்கள் குடியிருந்த அந்தக் கட்டடங்களுக்கு இடையே வானம் ஒரு கயிறு அளவுக்குத்தான் தெரியும். ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் பாலம் இருக்கும். வள்ளங்களை இனிக் கரையேற்ற வேண்டாம், பால்கனிக் கம்பியில் கட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். மேல் மாடிக்காரர்கள் கயிற்றில் கூடையை இறக்க, கீழே படகில் வந்த காய்கறிக்காரி கத்தரிக்காயை எண்ணிப் போட்டாள். அலை அந்தத் தீவில் மோதி அடங்கியதால் சிப்பிக்கரையின் கடல் குளம்போல ஆகி, நீந்தத் தெரியாத பங்குச்சாமி முதன்முதலாக இறங்கி இடுப்பளவுக்கு நின்று சிரித்தார்.

இந்தத் தடவை கஸ்பாரே வந்து சொன்னார். "அண்ணாவி, எல்லாரும் உக்காந்தாச்சு. உச்சி மாடில ஒரு அறை மிச்சம். கடைசிப் பந்தி ஒங்களுக்குத்தான். மைனியக் கூட்டிட்டுப் போங்க."

ஞானப்பூ நல்ல சேலை கட்டிக்கொண்டாள். இருவரும் படியேறினார்கள். படி முடியவேயில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார்கள், ஒவ்வொரு மாடியிலும் யாராவது நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, "இன்னும் கொஞ்சம்தான்" என்று அனுப்பினார்கள். உச்சி மாடிக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே, சன்னலைப் பிடித்துக்கொண்டு, விக்டோரியா நின்றிருந்தாள்.

"அண்ணா," என்றாள் அவள் திரும்பாமலே. "சும்மா பாக்கத்தான் ஏறினேன். இங்கேருந்து பாரேன், அவரு போன கடல் முழுக்கத் தெரியுது. நான் அதக் கிட்டத்துலேருந்தே பாத்துப் பாத்துப் பயந்துட்டேன். இவ்வளவு உசரத்துலேருந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. ஒரு நீலத்துணி மாதிரி கிடக்கு." பிறகு திரும்பினாள், நனைந்த முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "நீங்க என்ன இம்புட்டுத் தூரம்?"

சந்தியாகு ஞானப்பூவைப் பார்த்தார். ஞானப்பூ விக்டோரியாவைப் பார்த்தாள். புருசன் கடலில் போன நாளிலிருந்து அந்தப் பெண் அடுப்படியில்தான் படுத்துவந்தாள்.

"ஒனக்குப் பாய் கொண்டு வரணுமான்னு கேக்கத்தான் வந்தோம்," என்றாள் ஞானப்பூ.

இருவரும் இறங்கி வந்து படகேறினார்கள். கரையில் காலை வைத்தபோது தீவின் மாடியிலிருந்து மிக்கேலம்மாள் கூவினாள்: "யக்கா! பெரிய கரண்டி வீட்டுலயே கிடக்கு! சோறு கிண்ட ஆளில்லாம கிடக்கு, எடுத்துட்டு வாங்க!"

"இதுக்கு மட்டும் நான் வேணும்," என்றாள் ஞானப்பூ, காற்றைப் பார்த்து.

மத்தியான வெயில். இருவரும் தரிசைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, சிப்பிக்கரையின் தெருவுக்குள் நுழைந்தார்கள். பத்தடி நடந்ததும் சந்தியாகு நின்றுவிட்டார்.

"என்ன?" என்றாள்.

அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். காதைச் சாய்த்தார். முன்கையில் மயிர் எழுந்து நின்றது. அந்த அமைதியை அவர் உடம்புக்குத் தெரியும். பாலைவனத்திலும் பனியிலும் தீவிலும், ஊருக்குள் முதல் அடி வைக்கிற நேரத்தில், சட்டையைப் பிடித்து இழுக்கிறதுபோல அது வந்து நின்றிருக்கிறது. குழாயடியில் குடம் இல்லை. கொடியில் துணி இல்லை. கோழிகள்கூடப் பின்னாலேயே குடிபோயிருந்தன. ஒரு கதவு காற்றில் லேசாகத் திறந்து, யாரும் வராததால் மறுபடி சாத்திக்கொண்டது.

"ஞானப்பூ," என்றார் மெதுவாக. "இது ஆள் விட்டுப்போன ஊரு."

அவள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். மாதக்கணக்காக அறை அறையாகப் போய் "வசதியா இருக்கீயளா, கொசு கடிக்குதா" என்று கேட்டு அலைந்ததில், எல்லாரும் எங்கிருந்து போனார்கள் என்பதை இரண்டு பேரும் பார்க்கவேயில்லை. அவர்களுடைய வீட்டிலிருந்தும், பெற்ற பிள்ளைகள் உட்பட, ஒவ்வொருவராகப் போய், கடைசியாக மிச்சமிருந்த ஒருத்தியை இப்போதுதான் உச்சி மாடியில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி ஊருக்குள்ள போனா நீங்க என்ன செய்வீய?" என்றாள். "ஒவ்வொரு தடவ வந்தும் சொல்ல வாயெடுப்பீய, யாராவது கூப்பிட்டுருவாவ. இப்பச் செஞ்சு காட்டுங்க."

"மொதல்ல செருப்பக் கழத்தணும்," என்றார் சந்தியாகு. "வாசல்ல நின்னு ஒரு தடவ இருமணும், திடுக்குன்னு நுழையக் கூடாது. பெறவு கண்ணு இருட்டுக்குப் பழகுற வரைக்கும் நிக்கணும்."

கஸ்பாரின் வீட்டு வாசலில் நின்று இருமினார்கள். உள்ளே போய், வருசக்கணக்காக ஊர் நியாயம் பேசிய நாற்காலியில் ஞானப்பூ உட்கார்ந்து, காலை ஆட்டி, சந்தியாகுவைப் பார்த்து "ஓய், என்ன வழக்கு?" என்றாள். லூர்தின் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவளைக் குறை சொல்லிவந்த அடுத்த வீட்டு மாமியின் அடுப்படி மாடத்தில், அடி கறுத்துப்போன சட்டிகளின் அடுக்கைப் பார்த்து, "எனக்குத்தான் பாத்திரம் துலக்கத் தெரியாதாம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னபின், யாரும் திருப்பிச் சொல்லாததைக் கொஞ்சநேரம் நின்று ரசித்தாள். எல்லா வாசலிலும் வெயில் படுத்திருந்தது. ஒவ்வொரு வீடும் அவர்கள் உள்ளே வந்ததும் லேசாக நிமிர்ந்துகொண்டது.

கடைசியாகத் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பழக்கதோசத்தில் ஞானப்பூ அப்படியே நுழையப் போனாள். சந்தியாகு அவள் கையைப் பிடித்தார். இருவரும் நின்று இருமினார்கள். பதிலுக்குச் சுக்கு போட்டுக் குடி என்று யாரும் சொல்லவில்லை.

உள்ளே இரண்டு அறை இருந்தன. இரண்டு அறையும் இவ்வளவு பெரியவை என்று அவர்களுக்குத் தெரியாது. தரை முழுவதும் தரையாகவே கிடந்தது. சன்னல் இருக்கிற இடத்தில் எப்போதும் யாராவது சாய்ந்திருந்ததால், அந்தச் சன்னலிலிருந்து கடல் தெரியும் என்பதை ஞானப்பூ அன்றுதான் கண்டாள்.

"கதவச் சாத்துங்க," என்றாள்.

பகலில் ஒருநாளும் சாத்தப்படாத அந்தக் கதவு உப்புக்காற்றில் ஊதிப்போய் நிலையில் உட்கார மறுத்தது. சந்தியாகு தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஞானப்பூ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரோடு சேர்ந்து தள்ளினாள். இரண்டு பேரும் சேர்ந்து, வள்ளத்தைக் கடலில் தள்ளுகிறவர்கள்போல ஏலேலோ போட்டுத் தள்ளியதில், கதவு ஒரு முனகலோடு போய்ப் பொருந்தியது. தூரத்தில் மிக்கேலம்மாள் கரண்டிக்காகக் கூவுகிற சத்தம் நின்றுபோயிற்று.

இரண்டு பேரும் வேறு யார் வீட்டுக்கோ வந்தவர்கள்போல நின்றார்கள்.

"இப்பப் பேசலாமா?" என்று ஞானப்பூ ரகசியமாகக் கேட்டாள்.

"எதுக்கு மெதுவா கேக்க?" என்றார் சந்தியாகு, முழுக்குரலில். "யாரு இருக்கா?"

அவருடைய குரல் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. அவள் அதைக் கேட்டாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"ஒங்க மீன் கொழம்பு எனக்குப் பிடிக்காது."

"என்னது?"

"கப்பல்லேருந்து இறங்கினதும் இறங்காததுமா, 'இன்னைக்கு நாந்தான் வைப்பேன்'னு கரண்டியப் பிடுங்கிட்டு வைப்பீயல்லா, அந்தக் கொழம்பு. வெள்ளக்காரனுக்கு வச்சு வச்சு அதுல சீனி போடுதீய. கல்யாணமாகி மொத தடவ நீங்க வச்ச அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். சுத்தி ஒக்காந்து எல்லாரும் ஆகா ஆகான்னு வழிச்சு நக்குதாவ, நான் எங்கேருந்து சொல்ல?"

"இத்தன வருசமாவா?"

"இத்தன வருசமா! ரெண்டாவது அகப்ப வேற கேட்டு வாங்கித் தின்னிருக்கேன்."

சந்தியாகு அவளையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து சிரித்தார், சுண்ணாம்பு உதிர உதிரச் சிரித்தார், அந்த வீட்டில் அதுவரை யாரும் தனியாக இருந்து சிரித்திராத சிரிப்பாகச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கக் கேட்டார்:

"வேற என்ன?"

ஞானப்பூ அறையின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் முழுசாக நீட்டினாள்; எதிலும் இடிக்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் தரையைத் தட்டினாள்.

"உக்காருங்க," என்றாள். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."